மேல லயம் எந்தப் பக்கம்?

அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் திரிந்த காலத்தில், என் அம்மா காமயகவுண்டன்பட்டி முழுக்க, "எம் மகனுக்கு ஆபீசுல ஒரு போனு குடுத்துருக்காக. ஆனா அதுல பேச முடியாதாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஜி.பி.எஸ். கருவியைப் பற்றி அதன் பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மஞ்சள் நிறம், சாம்பல் திரை, பக்கவாட்டில் ஐந்து பொத்தான்கள். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் கேட்டு, நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை எண்களில் சொல்லிவிடும். நடந்து போனால் நடந்த வழியைக் கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். இப்போது விலை கூடிய கைப்பேசிகளில் அது உள்ளேயே வந்துவிடுகிறதாம். இரண்டாயிரத்து ஆறில் எங்கள் பள்ளத்தாக்கில் அதைக் கழுத்தில் போட்டவன் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று நான் நம்பினேன். ரேஷன் கடைக்கும் அதோடுதான் போனேன்.

கையில் கிடைத்த முதல் நாளே எங்கள் வீட்டு வாசலில் நின்று, திரையில் வந்த எண்களைச் சாக்கட்டியால் கதவில் எழுதினேன். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த அம்மா கதவைப் பார்த்தாள்.

"ஏலே, கதவுல என்னத்தக் கிறுக்கி வச்சிருக்க?"

"நம்ம வீடு இருக்கற எடம் ஆத்தா. இந்த நம்பரக் குடுத்தா உலகத்துல எங்கன இருந்தும் நேரா நம்ம வாசலுக்கு வந்துரலாம்."

"தபால்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"சிலிண்டர் கொண்டார ஆளுக்கு?"

"தெரியாது."

"பெறகு எவன்லே வரப்போறான்?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் துடைத்தாள். "வீரபாண்டித் திருவிழாவுல தொலஞ்சு போயி, மைக்குல கூப்புட்டு மீட்டாந்த பய இவன். இவனப் போயி ஊருக்கெல்லாம் வழி எழுதச் சொல்லிருக்காகளே, அவுகளச் சொல்லணும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியில் பூகோளம் படித்தேன். மற்ற பாடங்களில் இடம் தீர்ந்துவிட்டது என்பதுதான் காரணம், ஆனால் கேட்டவர்களிடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மலைகள் மீது ஆசை என்று சொன்னேன். படித்து முடித்த மறுவருடம் தேனியில், ஒரு பூச்சிமருந்துக் கடையின் மாடியில் இயங்கிய ஒப்பந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்து மலைகளிலும் உள்ள ஜீப் பாதைகள், நடைபாதைகள், குடியிருப்புகள் எல்லாவற்றையும் பெட்டியில் பதிவு செய்து வரவேண்டும். அலுவலகத்தில் கணினியில் வரைபடமாக்குவார்கள். அதை வைத்துத்தான் எந்தக் குடியிருப்புக்குப் பாதை போடுவது என்று மேலே முடிவாகும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்.

பெட்டியோடு ஒரு கையேடு வந்திருந்தது. ஆங்கிலம். அதன் அட்டையில் ஒரு வெள்ளைக்காரன், கண்ணில் கூடை அளவுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழங்காலளவு பனி மூடிய மலையில், சக்கரமே இல்லாத ஸ்கூட்டர் மாதிரி ஒரு வண்டியில் பாய்ந்துகொண்டிருந்தான். அவன் கைப்பிடியில் எங்கள் பெட்டி. பாதையில்லாத பனிமலையில் அந்த வண்டியை ஓட்டிப் போய்த் திரும்புவது எப்படி என்பதற்கே ஒரு அத்தியாயம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். குளிரில் பேட்டரிக் கட்டைகள் சீக்கிரம் செத்துவிடும், அதனால் உபரிக் கட்டைகளை உடம்போடு ஒட்டி, உள்சட்டைக்குள் வைத்துச் சூடாகப் பாதுகாக்கவேண்டும் என்று போட்டிருந்தது. பனியனுக்குள் ஒரு பை தைத்து நான்கு கட்டைகளை வைத்துக்கொண்டேன். கம்பத்து வெயிலில் அவை வேர்வையில் ஊறித் துருப்பிடித்தன.

அதே அத்தியாயத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. கிளம்புமுன் 'லோக்கல்' ஆட்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் பக்கம் லோக்கல் என்றால் மட்டமான சரக்கு என்று பொருள். லோக்கல் செருப்பு, லோக்கல் பிஸ்கட். நான் அந்த வரியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

எனக்கு வாய்த்த ஜீப் ஓட்டுநர் எங்கள் ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு இருபது வருடமாக ஆள் ஏற்றிப் போனவர். மலை முழுக்க அவருக்கு அத்துபடி. என்னைத் தம்பி என்பார். நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால் மட்டும் சார் என்பார். முதல் வாரத்திலேயே பனியனுக்குள் புடைத்திருந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல என்ன தம்பி, கட்டியா? பெரியாசுபத்திரியில காமிச்சுருங்க" என்றார். குளிருக்காக வைத்திருக்கிறேன் என்றதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

முதலில் எங்களுக்குக் கொடுத்தது மேற்கு மலை. கம்பம்மெட்டுச் சாலையிலிருந்து பிரிகிற தோட்டத்துப் பாதைகள். ஒரு நாள் திரையைக் காட்டி, "அந்தத் தோட்டம் இன்னும் அறுநூறு மீட்டர்தான் அண்ணே, இடது பக்கம் திருப்புங்க" என்றேன். இடது பக்கம் ஒரு ஓடை, பனைமரம் முங்குகிற ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"சார், ஒங்க பொட்டி கொக்குக்கு வழி சொல்லுது. நமக்கு நாலு சக்கரம் இருக்கு."

ஏழு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனோம்.

ஆனாலும் மேற்கு மலையில் என் வேலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. படிவத்தில் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மேலத்தோட்டம் என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். அதற்கு எதற்கு ஒரு பட்டதாரி? நான் 'அப்பர் எஸ்டேட்' என்று எழுதினேன். கீழத்தோட்டத்தை 'லோயர் எஸ்டேட்' ஆக்கினேன். மேலாளர் வெளியூர்க்காரர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். படிவத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் நீட்டா இருக்கு. எல்லாரும் இப்படியே எழுதுங்க" என்று மற்றவர்களிடம் காட்டினார். நான் அன்று தேனியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டேதான் வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

ஐப்பசியில் கிழக்கு மலைக்கு மாற்றினார்கள். எங்கள் ஊருக்குப் பின்னால் எழும்பி நிற்கிற மலைதான். மேலேறினால் பழைய தோட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்காரர்கள் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டார்கள். கூலியாட்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் மட்டும் இரண்டு இடத்தில் மிச்சம். அந்த வரிசை வீடுகளை மலையில் லயம் என்பார்கள். மேல லயம், கீழ லயம் என்று அலுவலகப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேல லயம் என்பதற்கு எதிரே 'ஜீப் பாதை வேண்டி மனு' என்று குறிப்பு. கீழ லயத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஆகவே மேல லயத்துக்கு நடந்தே போய் வழியைக் கோடாகப் பதிவு செய்யவேண்டும். கீழ லயத்துக்கு ஒரு புள்ளி போதும்.

ஜீப் தோட்டத்துப் பழைய இரும்புக் கேட் வரைதான் போயிற்று. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கத்துப் பாதை சரிவை ஒட்டிச் சற்றே இறங்கிப் போனது. இடது பக்கத்துப் பாதை செங்குத்தாக ஏறியது. முதலில் சுலபமானதற்குப் போவோம் என்று வலது பக்கம் நடந்தோம். கட்டைகளை மிச்சப்படுத்துவதற்காகப் பெட்டியை அணைத்து வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் புகையிலையும் உப்பும் முடிந்த துணியை ஈரமாக்கிக் காலில் தேய்த்துக்கொண்டார், அட்டை ஏறாமலிருக்க. நான் கையேட்டின்படி பேண்ட் நுனிகளைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டேன். அட்டைகளுக்கு அந்தக் கையேடு தெரியாது.

முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு வீடுகள் வந்தன. தகரக் கூரை, முன்னால் மிளகுக்கொடி, கயிற்றில் காயாத துணிகள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு அக்கா எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். நான் பெட்டியை முடுக்கி வாசலில் வைத்துப் புள்ளி எடுப்பதை, டம்ளரைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"எங்க ஊரு இதுக்குள்ள விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு அக்கா."

"அப்ப ஜீப்பு வந்துருமா?"

"எல்லாத்தையும் எழுதி அனுப்புவோம். மேல முடிவு பண்ணுவாக."

"எம்புள்ள கீழ கான்வென்ட்டு விடுதியில கெடக்கா தம்பி. ஒண்ணாப்பு. இங்கனருந்து தெனம் நடத்திக் கூட்டிட்டுப் போக முடியாதுல்ல. வெள்ளிக்கெழம போயிக் கூட்டியாருவேன், ஞாயித்துக்கெழம சாயங்காலம் கொண்டு போயி விடுவேன். விட்டுட்டுத் திரும்பயில விடுதிக் கேட்டப் புடிச்சுக்கிட்டு ஒரு கத்து கத்துவா பாருங்க. ஜீப்பு வந்தா விடுதியே வேணாம். ராத்திரி எங்கிட்டதான் படுப்பா."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் திரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. பாதை கேட்ட மனு மேல லயத்துக்கு. இவர்களோ கீழே இருக்கிறார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுக்குத் திரும்பி, இடது பக்கத்துப் பாதையில் மூச்சு வாங்க ஏறும்போதெல்லாம் அந்த அக்காவுக்காக நான் இரக்கப்பட்டுக்கொண்டே போனேன். இந்தமுறை பெட்டி முடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு அடியும் கோடாகிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் பாதி வழியில் நின்றார்.

"எதுக்குத் தம்பி இம்புட்டு ஒசரம் ஏறுறம்? புள்ளிதான் எடுத்தாச்சே."

"மேல லயத்துக்குப் போகவேண்டாமா அண்ணே?"

"அங்கன பாத்துட்டு வந்தமே, அதான மேல லயம். இந்தப் பக்கம் இருக்கது கீழ லயம். ஆளுக கெடையாது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

"அண்ணே, இதப் பாருங்க. அங்க ஒசரம் ஆயிரத்து நூத்தி எம்பது மீட்டர். நாம இப்பவே அதத் தாண்டி அறுபது மீட்டர் மேல நிக்கிறோம். மேல இருக்கறதப் போயி கீழ லயம்ங்கறீக."

அவர் திரையைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக…" என்று இழுத்தார். பிறகு, "செரி தம்பி. படிச்ச புள்ள நீங்க. சேட்டிலைட்டு வேற சொல்லுது. நான் வண்டி ஓட்டுறவன்" என்றார்.

அவர் விட்டுக்கொடுத்ததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

உச்சியில் எட்டு வீடுகள் இருந்தன. எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏலக்காய் எடுக்கப் போயிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். இரண்டு வீட்டு வாசலில் இடுப்பளவு புதர். ஒரு கதவின் தாழ்ப்பாளில் கொடி சுற்றியிருந்தது. படிவத்தின் குறிப்புப் பகுதியில் 'பசுமையான சூழல்' என்று எழுதினேன். இடத்தின் பெயர் 'அப்பர் லயம்'. கீழே இருந்தது 'லோயர் லயம்'.

இரண்டு வாரத்தில் கணினியிலிருந்து வரைபடம் வண்ணத்தில் அச்சாகி வந்தது. மலை பச்சை, ஓடைகள் நீலம், நான் நடந்த வழி கேட்டிலிருந்து உச்சிக்குச் சிவப்பாக ஓடியது. முன்மொழியப்படும் ஜீப் பாதை. மூலையில் சின்ன எழுத்தில் கள ஆய்வு என்று என் பெயர். புதன்கிழமை மேலாளர் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நான் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் காட்டத்தான். ஆனால் வீட்டில் யாருக்கும் வரைபடம் பார்க்கத் தெரியாது. பாராட்டத் தெரிந்த ஆள் வேண்டும். வியாழக்கிழமை அந்தப் பக்கம் ஒரு ஓடையைச் சரிபார்க்கப் போகிற சாக்கில், ஓட்டுநரோடு அந்த அக்காவின் வீட்டுக்கே நடந்தேன். இன்றைக்கு யோசித்தால் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பெருமையடிக்கப் போனதுதான்.

அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காகிதத்தைத் தரையில் விரித்தார். நான்கைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இந்தக் கேட்டு எது?"

காட்டினேன்.

"நாங்க எங்கன இருக்கோம்?"

காட்டினேன். கறுப்புப் புள்ளி. அக்கா அதன் மேல் விரலை வைத்தார். இன்னொரு கையின் விரலால் கேட்டிலிருந்து சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். விரல் புள்ளிக்கு எதிர்ப்பக்கமாக ஏறி உச்சிக்குப் போய் நின்றது. இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"சேப்புக் கோடு என்னாது?"

"ஜீப்புப் பாதை அக்கா. மேல லயத்துக்கு."

"மேல லயத்துக்குன்னா இங்கனல்ல வரணும்?"

"இது கீழ லயம் அக்கா. மேல லயம் அங்க, உச்சியில…"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "நாம எப்படி கீழ லயமானோம்?" என்றாள். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, காமயகவுண்டன்பட்டியில நீங்க எந்தத் தெரு?"

"மேலத்தெரு."

"ஒங்க தெரு என்ன, மச்சு மேலயா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. ஓட்டுநர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எங்கள் மேலத்தெரு ஊருக்கு மேற்கே இருக்கிறது. பலகை மாதிரித் தட்டையான தெரு. கீழத்தெரு கிழக்கே. மேலத்தெருவில் பிறந்து, மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில் படித்து, மேலக்காட்டுக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவன் நான். மேல என்றால் மேற்கு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து மலையேறிக் குடிபோன ஆட்கள் அந்தப் பேச்சையும் கொண்டுபோயிருக்கிறார்கள். மேற்கே இருந்தது மேல லயம், கிழக்கே இருந்தது கீழ லயம். அந்த மலை கிழக்கே போகப் போக உயர்கிற மலை. அதனால் கீழ லயம் உச்சியில் இருந்தது. மேற்கு மலையிலோ மேற்கே போனால்தான் ஏற்றம். அங்கே மேல என்பது மேற்காகவும் இருந்தது, உயரமாகவும் இருந்தது. என் 'அப்பர் எஸ்டேட்' அங்கே தப்பாமல் நின்றதற்குக் காரணம் மலைதான், நான் இல்லை.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்ப இந்த ரோடு யாருக்கு வருது?"

ஓட்டுநர்தான் மெதுவாகச் சொன்னார். "பூட்டிக் கெடக்குற லயத்துக்கு ஆத்தா."

"அங்கன காய் எடுக்குற ஒரு மாசந்தான் ஆளு இருக்கும். மத்த நாளெல்லாம் பன்னிதான்." அக்கா காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். சரியான மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்தார். "பன்னிக்கு ஜீப்பு வருது. எம்புள்ள விடுதியில கெடக்கா."

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் மூன்று பொய்கள் தயார் செய்தேன். மூடுபனியில் செயற்கைக்கோள் பிசகிவிட்டது என்பது ஒன்று. அச்சில் பெயர்கள் இடம் மாறிவிட்டன என்பது இரண்டாவது. மூன்றாவது, ஓட்டுநர் தவறாகக் காட்டிவிட்டார் என்பது. சொல்லிப் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது, உதடு அசைந்திருக்கும்.

"என்ன தம்பி முணுமுணுக்கீக?"

"ஒண்ணுமில்லண்ணே."

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார். "எம்மேல போட்டாலும் போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. கம்பத்துக்குப் போயி பழையபடி ஆளு ஏத்துவேன்."

அதற்குப் பிறகு எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை.

மேலாளர் மாடியில் தனியாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மேல என்றால் மேற்கு என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நான் யாருப்பா? மேற்காளரா?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவரும் சிரிக்கவில்லை.

"பேருதானே. மாத்திப் போட்டு அனுப்பிடலாம்."

"பேரு மாத்திரம் இல்ல சார். கோடும் தப்பு. சரியான லயத்துக்கு நான் கோடு எடுக்கவே இல்ல. பெட்டிய அணைச்சு வச்சிருந்தேன்."

"ஏன்?"

"கட்டைய மிச்சம் பண்ண."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கையெழுத்துப் போட்டது நான். நாளைக்கு அஞ்சு மணிக்கு ஃபைல் போகணும். அதுக்குள்ள சரியான கோடு வந்தா மாத்துறேன். வரலேன்னா இருக்கறதுதான் போகும்" என்றார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார். "மத்த பாயிண்ட் எல்லாம் எந்த நம்பிக்கையில நான் அனுப்புறது?" அது கேள்வி இல்லை என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பியும், மழைச்சேற்றில் ஜீப் ஏறி அக்கா வீட்டு வாசலை எட்ட மதியமாகிவிட்டது. தூறல். புதுக் கட்டைகள் போட்டிருந்தேன், பனியனுக்குள் ஒன்றும் இல்லை. அக்கா மகளைக் கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இப்ப எடுக்கறது சரியா விழுமா?"

"விழும் அக்கா. நான் கேட்டு வரைக்கும் நடந்தாப் போதும்."

"ஒங்கள நம்பி இன்னொருக்க விட முடியாது தம்பி. அத இங்கன குடுங்க."

கயிற்றை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். திரை வெளியே தெரியும்படி நெஞ்சில் நேராக வைத்தார். எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். "நீங்க தொடாம இருங்க" என்றார்.

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். பாதித் தூரம் போனதும் திடீரென்று நின்று, கதவுக்கு நாதாங்கி போட்டேனா என்றார். எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வீட்டுக்கு இறங்கினார். நாதாங்கி போட்டுத்தான் இருந்தது. பாப்பாவின் ரிப்பனை மறந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு, ஓடைப் பாறையில் சோப்பு வைத்துவிட்டு வந்தது நினைவு வந்து அதற்கும் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஏறினார். பெட்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது. நிறுத்தலாமா என்று ஒரு கணம் கை போனது. அவர் பார்த்த பார்வையில் இழுத்துக்கொண்டேன்.

கேட்டில் ஜீப் நின்றது. அக்காவை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு நாங்கள் தேனிக்குப் பறந்தோம். நாலேமுக்காலுக்குக் கோடு கணினியில் ஏறியது. கேட்டிலிருந்து மேற்கே போய், நடுவில் ஒரு முடிச்சு, ஓடையருகே ஒரு சுழி, பிறகு பன்னிரண்டு வீடுகள். மேலாளர் சுழியைத் தொட்டு, "இங்க என்ன இருக்கு?" என்றார்.

"சோப்பு சார்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பெயரைத் தமிழில் உள்ளபடியே, ஆங்கில எழுத்தில் 'மேல லயம்' என்று அடிக்கச் சொன்னார். எல்லாப் படிவத்திலும் 'இந்தப் பெயரைச் சொன்னவர் யார்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். கிழக்கு மலை முடிந்ததும் அலுவலகம் அடுத்த மாவட்டத்துக்குப் போனது. என் ஒப்பந்தத்தை அவர் புதுப்பிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அன்று கழுத்து லேசாக இருந்தது. அம்மா மட்டும், "போன புடுங்கிட்டாகளா?" என்று கேட்டாள். பிறகு சின்னமனூரில் ஒரு பள்ளியில் பூகோள வாத்தியாரானேன்.

அடுத்த கோடைக்கு மறுகோடையில் பாதை வெட்டினார்கள். தார் இல்லை, கல்லும் மண்ணும்தான், ஆனால் ஜீப் போகும். அக்கா நடந்த கோட்டை ஒட்டியே போகிறது. முடிச்சையும் சுழியையும் மட்டும் பொறியாளர் எடுத்துவிட்டார். காலையிலும் சாயங்காலமும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது எங்கள் பழைய ஓட்டுநர்தான். அவர் ஜீப்பில் முன் இருக்கை யாருக்கு என்று தினமும் ஒரு சண்டை நடக்கிறது. பெரும்பாலும் ரிப்பன் கட்டிய ஒருத்திதான் ஜெயிக்கிறாள் என்று சொன்னார்.

கேட்டருகே நெடுஞ்சாலைக்காரர்கள் மாதிரியே ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 'மேல லயம்' என்று எழுதி, அம்புக்குறி சரிவில் கீழே காட்டுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம், யாரோ பலகையைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள் என்று.

விடுமுறையில் எப்போதாவது நானும் அந்த ஜீப்பில் ஏறிக்கொள்வதுண்டு. கேட் வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே என் பக்கம் திரும்புவார். பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி மனப்பாடம்.

"சார், இப்ப மேல போகணுமா, கீழ போகணுமா?"

"மேக்க போங்கண்ணே."